ஷெரினின் கைக்கு ஓலை

ஒத்தக்கடை
14.8.2024

மதிப்புக்குரிய அண்ணனுக்கு ஆரோக்கியம் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? எண்ணெய் போட்டுக்கொள்கிறீர்களா? உசிலம்பட்டியில் மழை உண்டா? உங்கள் ஊர் மழைச்சொல்காரர் கூப்பிட்ட மழை செக்கானூரணியிலேயே இறங்கிக் கொட்டிவிட்டுப் போனதாக மகன் ஆன்றோ சொல்லிச் சிரித்தான்.

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. போன ஞாயிறு பூசை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தோம். மருமகள் ஷெரின் கஞ்சி வடிக்கையில் பானை நழுவி வலது கையில் கொட்டிவிட்டது. முழங்கையிலிருந்து விரல்வரை வெந்துபோயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். "வெந்த புண்ணுக்கு நாங்க கட்டுத்தான் போட முடியும்மா, ஆறுறது ஓலையாலதான். எழுதுறவங்க யாரும் தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார். என் உடன்பிறந்த அண்ணனே எழுதுகிறவர் என்று பெருமையாகச் சொன்னேன்.

கல்லூரியில் ஆய்வகம் நடத்துகிறவளுக்கு வலது கை இல்லாவிட்டால் எப்படி? லீவு போட்டிருக்கிறாள். அவளும் பேசுவதில்லை, வீடே ஒரு மாதிரி இருக்கிறது. ஆன்றோ தல்லாகுளத்து அலுவலகத்திலிருந்து நேரத்தோடு வந்து பேத்தி ஜெனிக்குத் தலை பின்னிவிடுகிறான். கோணல் வகிடுதான். பிள்ளை பொறுத்துக்கொள்கிறது.

வீட்டில் மூத்தவள் நான் என்பதால் முறைப்படி என் கையால் எழுதிக் கேட்கிறேன். மருந்தோலை அனுப்புங்கள், அண்ணே.

உங்கள் தங்கை
ஆரோக்கியம்


உசிலம்பட்டி
17.8.2024

அன்புத் தங்கை ஆரோக்கியத்துக்கு, சத்தியசீலன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. பாவம், அந்தப் பெண். என் முழங்கால் எப்போதும்போல்தான். அதைப் பற்றி இப்போது என்ன?

ஓலையை இதனுடன் வைத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் முறையை ஒருமுறை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஓலை எழுதுகிறவன் புண்ணைப் பார்க்கக் கூடாது. வீட்டில் மூத்தவர் எழுதிச் சொல்வதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். போனில் சொன்னாலும் கேட்டாலும் பிடிக்காது. வந்த ஓலையை அந்த மூத்தவரே, வீட்டிலிருக்கும் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் காதில் விழும்படி வாசிக்க வேண்டும். பிறகு கட்டின்மேல் வைத்துக் கட்ட வேண்டும். புண் எப்படி வந்ததோ அப்படியே ஓலையில் இருக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

நீ எழுதியதை அப்படியே எழுதியிருக்கிறேன்:

"ஒத்தக்கடை ஷெரினின் வலது கை. கஞ்சி வடிக்கையில் பானை நழுவியதால் வெந்தது. நடந்தது இது. வீட்டார் கேட்டோம். தோலே, தோலோடு சேர். தசையே, தசையோடு சேர். சூடே, வந்த வழி போ."

நான் பிறவியிலேயே சொல் வாய்த்தவன் அல்ல. வேதியியல் வாத்தியாராக ஓய்வு பெற்றபின் பரீட்சை எழுதிப் பதிவு வாங்கியவன். ஒவ்வொரு ஓலையும் போய்ச் சேரும்வரை எனக்குப் பயம்தான். பிடித்தால் அரை நாளில் கை குளிர்ந்துவிடும். குளிர்ந்ததும் ஒரு வரி போடு.

ஜெனிக்கு என் முத்தம்.

அண்ணன்
சத்தியசீலன்


ஒத்தக்கடை
29.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு ஆரோக்கியம். உங்களுக்கு ஆண்டவர் சுகம் தரட்டும். ஜெனி உங்கள் முத்தத்தைக் கடிதத்திலிருந்து எடுத்துக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டாள்.

ஓலையை வாசித்தேன். எல்லாரும் இருந்தார்கள். கை குளிரவில்லை. இரண்டு நாளில் மேலே மெல்லிசாகத் தோல் மூடியது. ஆறிவிட்டது என்று மாதாவுக்கு மெழுகுவத்திகூட ஏற்றிவிட்டேன். அந்த வாரமே தோல் வெடித்து உள்ளேயிருந்து சீழ் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மை பழசாக இருந்திருக்குமோ?

தங்கை
ஆரோக்கியம்


உசிலம்பட்டி
2.9.2024

அன்புத் தங்கைக்கு, உன் அண்ணன். நீ சுகமாக இருக்கிறாயா? ரத்த அழுத்த மாத்திரையை இந்தக் கவலையில் மறந்துவிடாதே.

நீ மை என்று எழுதியிருந்தாய். உடனே எடுத்துப் பார்த்தேன். போன சித்திரையில் கூட்டிய மை. கெட்ட வாடை இல்லை. ஆனாலும் கொட்டிவிட்டுக் கடுக்காய் வாங்கிவந்து புதிதாகக் காய்ச்சினேன். காகிதத்தையும் மாற்றினேன். என் எழுத்தில் நடுக்கம் இருக்கிறதா என்று பழைய ஓலைப் படிகளோடு ஒப்பிட்டேன். கொஞ்சம் இருக்கிறது. "சூடே" என்பதில் கொம்பு வளைந்திருக்கிறது. இத்தனை நாள் அதைக் கவனிக்காமல் பிறர் உடம்போடு விளையாடியிருக்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு அன்னக்கொடி பால் ஊற்ற வந்தவள் அடுப்பங்கரையில் மைப் புகையைப் பார்த்துவிட்டு, "என்ன வாத்தியாரய்யா, சட்டியைக் கரிய விட்டுட்டீகளா? சொன்னா நான் ஒரு வாய் சோறு குடுத்திருப்பேன்ல" என்றாள். மை என்றேன். "அம்புட்டுக் கருப்பாவா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது ஓலை இதனுடன் இருக்கிறது. வாசகம் அதேதான். பலிக்காவிட்டால் வேறு யாரிடமாவது எழுதி வாங்கு. நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

ஷெரினிடம், நான் மிகவும் வருந்துவதாகச் சொல்.

அண்ணன்
சத்தியசீலன்


உசிலம்பட்டி
25.9.2024

அன்புத் தங்கைக்கு. எல்லாரும் நலமா? ஓலை கிடைத்ததா? போனில் கேட்டால் ஆன்றோ, "அம்மா எழுதுவாங்க மாமா" என்று வைத்துவிட்டான். ஓலை வாசித்தபின் பதில் வராமலிருப்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு வரி போதும்.

சத்தியசீலன்


ஒத்தக்கடை
3.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு ஆரோக்கியம். தாமதத்துக்கு மன்னியுங்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஓலையும் பிடிக்கவில்லை. அதேபோல மேலே மூடி உள்ளே புழுங்கியது. இப்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைப் பக்கம் மடங்க ஆரம்பித்துவிட்டன. கிறிஸ்துமஸுக்குள் ஆறாவிட்டால் அந்த இரண்டு விரல்களையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கையே போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார். ஷெரின் அதைக் கேட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினாள். இடது கையால் ஜெனியின் பையைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துவந்தாள்.

வேறு ஆளிடம் கேட்பதில் எனக்கு இஷ்டமில்லை. குடும்ப விஷயம். உங்களுக்கும் வயதாகிறது, அண்ணே. முன்புபோல் கையில் சுத்தம் வராதுதான். பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதிப் பாருங்கள்.

தங்கை
ஆரோக்கியம்


உசிலம்பட்டி
9.10.2024

அன்புத் தங்கை ஆரோக்கியத்துக்கு, சத்தியசீலன் எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும் என்பதே என் செபம். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி.

நீ சொன்னபடி பூசைக்குப் போனேன். வந்து உட்கார்ந்தும் எழுத வரவில்லை. அதற்குள் இங்கே ஒரு நாய்க்கடிக்கு ஓலை எழுதவேண்டி வந்தது. அதே மை, அதே காகிதம், அதே நடுக்கம். மத்தியானத்துக்குள் ஆறிவிட்டது என்று தேங்காய் பழத்தோடு வந்து நிற்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய நான், அவர்கள் போனதும் உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். பிழை மையில் இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது?

அன்னக்கொடியிடம் பெயர் சொல்லாமல், தெரிந்த வீட்டில் இப்படி என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவள் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "மையை மாத்தி மாத்திக் காச்சுறீக. சொன்ன சங்கதி பொய்யின்னா மை என்ன செய்யும்? புருசன்காரன் குடிப்பானா?" என்றாள்.

"குடிக்கமாட்டான்."

"குடிக்காதவனுக்குக் கோவம் வராதாக்கும்? எங்க வீட்டு ஆளு டீத்தண்ணிகூடத் தொடமாட்டாரு. செம்பை விட்டெறிஞ்சார்னா செவுத்துல பள்ளம் விழும். புருசன்தான் ஊத்தியிருப்பான். மாமியாக்காரி மகனுக்கு முட்டுக்குடுத்து மறைக்கா. இதுல என்ன ரோசனை?"

ஆரோக்கியம், நான் கேட்கிறேன் என்று கோபப்படாதே. ஆன்றோவா? அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றியவன் நான். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு விரல் போகப்போகிறது. நீ "ஆம்" என்று எழுத வேண்டாம். "இல்லை" என்று எழுது, போதும். இல்லையென்று நீ எழுதினால் இனி இதைப் பற்றிப் பேசவே மாட்டேன்.

அண்ணன்
சத்தியசீலன்


ஒத்தக்கடை
28.10.2024

அண்ணனுக்கு. இங்கே எல்லாரும் இருக்கிறோம். உங்கள் கடிதம் வந்தது.

உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அப்படி எழுதி அனுப்புங்கள். நான் வாசிக்கிறேன்.

ஆரோக்கியம்


உசிலம்பட்டி
1.11.2024

அன்புத் தங்கைக்கு. மனத்தைத் திடப்படுத்திக்கொள். உன் நிலைமை எனக்குப் புரிகிறது. பெற்றவள் வாயால் "ஆம்" என்று எப்படி வரும்? நீ "இல்லை" என்று எழுதாததே எனக்குப் போதும்.

மூன்றாவது ஓலை இதோ. "கணவன் ஆன்றோ கொதிகஞ்சியை ஊற்றியதால் வெந்தது" என்று எழுதியிருக்கிறேன். இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. வாசிக்க உனக்கு இதைவிடக் கஷ்டமாக இருக்கும். அவன் காதிலும் விழ வேண்டும் என்பது முறை. ஆறியபிறகு அவனிடம் நான் பேசுகிறேன். இப்போது அவனை ஒன்றும் சொல்லாதே.

அண்ணன்
சத்தியசீலன்


ஒத்தக்கடை
10.11.2024

மாமா அவர்களுக்கு ஆன்றோ எழுதுவது. கடிதம் என்றால் முதலில் உடம்பைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். இன்றைக்கு விசாரிக்க மனம் வரவில்லை. மன்னியுங்கள்.

நேற்று அம்மா உங்கள் ஓலையை வாசித்தார்கள். நான் ஜெனியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பெயர் வந்ததும் வேறு ஆன்றோ யாரையோ சொல்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. ஜெனி என் மடியிலிருந்து இறங்கிவிட்டாள், மாமா. இறங்கி அவள் அம்மா பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அன்று நான் வீட்டிலேயே இல்லை. பூசை முடிந்து கறி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது ஷெரின் கையைத் தொட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றாள். "எப்படி ஆச்சு?" என்றேன். "பானை சாஞ்சிருச்சு" என்றாள். அதற்குமேல் இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கசாப்புக் கடைக்காரர்கூடச் சாட்சி சொல்லியிருப்பார்.

ஓலையைக் கட்டின்மேல் வைக்கும்போதே ஷெரின், "இவரு இல்லை. இவரு செய்யலை" என்றாள். "அப்ப யாரு?" என்று கேட்டேன். "ஓலை கேட்டு எழுதுறவங்கதான் சொல்லணும். நான் சொன்னா வீட்டைப் பிரிக்கப் பாக்குறேன்னு சொல்வாங்க" என்றாள். சொல்லிவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

ஓலையை வைத்த இடத்தில் புண் இன்னும் ஆழமாகிவிட்டது. ராத்திரியெல்லாம் காய்ச்சல்.

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. நான் அவர்கள் மகன். ஒன்று மட்டும் சொல்கிறேன். என் பெயர் வந்த இடத்தில் அம்மா நிறுத்தவில்லை. தடுமாறவில்லை. பூசையில் வாசகம் வாசிப்பதுபோல வாசித்துக்கொண்டே போனார்கள்.

ஆன்றோ


உசிலம்பட்டி
14.11.2024

அன்புத் தங்கை ஆரோக்கியத்துக்கு, சத்தியசீலன்.

ஆன்றோவுக்குத் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவன் மன்னிக்காவிட்டாலும் நியாயம்தான். வாழ்நாளில் ஒருமுறை துணிந்து ஒருவனைக் குற்றவாளி என்றேன், அவன் குற்றமற்றவன். அன்னக்கொடியிடம் சொன்னேன். "அப்படியா? பாவம், நல்ல பையனா இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் பாலை அளந்து ஊற்றினாள். அவளுக்கு அதோடு முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. அவன் கடிதத்தின் கடைசி வரிகளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பெற்ற மகனின் குற்றத்தை அவன் மனைவி, பிள்ளை முன்னால் முதன்முதலாகச் சொல்கிற தாயின் குரல் எங்காவது ஓரிடத்தில் உடையும். உன் குரல் உடையவில்லை. அது உண்மை இல்லையென்று உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாசித்திருக்கிறாய்.

இப்போதும் என் கணக்குத் தப்பாக இருக்கலாம். ஏற்கெனவே தப்பியவன் நான். ஆகவே குற்றம் சாட்டவில்லை. ஒரே கேள்வி கேட்கிறேன். அந்தப் பானை சாய்ந்தபோது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்?

பதில் வரும்வரை ஓலை எழுதமாட்டேன். வேறு யாரிடம் கேட்டாலும் நீதான் எழுதிக் கேட்க வேண்டும். அவர்களும் நீ சொல்வதைத்தான் எழுதுவார்கள். கிறிஸ்துமஸ் வரப்போகிறது. விரல்களை நினைத்துக்கொள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். பார்த்துக்கொள்.

சத்தியசீலன்


ஒத்தக்கடை
8.12.2024

அண்ணனுக்கு ஆரோக்கியம் எழுதுவது.

இதற்கு முன்னால் நாலைந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேற்று டாக்டர் அறுவைக்கு நாள் குறித்துவிட்டார். ஷெரின் சரி என்று தலையாட்டினாள். வரும் வழியில் காய்கறிக் கடையில் நின்று இடது கையால் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபின் எழுதுகிறேன்.

நான் அவள் பக்கத்தில் நின்றேன். தள்ளினேன்.

அன்று சாம்பாருக்கு உப்புப் பார்க்கக் கரண்டியை எடுத்தேன். "நான் பாத்துக்கிறேன், நீங்க போய் உக்காருங்க அத்தை" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவள் எதையும் மரியாதை இல்லாமல் சொன்னதில்லை. மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தால், உக்காருங்க அத்தை. தேங்காய் உடைக்கப் போனால், உக்காருங்க அத்தை. நாற்பது வருஷம் நின்ற அடுப்படி, அண்ணே. அதில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறாள். வந்தவர்களெல்லாம் "எம்புட்டுக் கவனிச்சுக்கிறா பாருங்க" என்கிறார்கள். அன்று அவள் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், மறுபடியும் சொன்னாள். தோளைப் பிடித்துத் தள்ளினேன். பானை சாயும் என்று தெரியும். தெரியாது என்று இத்தனை மாதம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஓலை ஒத்துக்கொள்ளவில்லை.

மை என்று எழுதினால் நீங்கள் உங்களைத்தான் சந்தேகப்படுவீர்கள் என்பது சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் ஓட்டினேன். ஆன்றோ பெயரை நீங்களே எழுதியபோது, ஒருவேளை இதாவது பிடிக்காதா என்று ஆசைப்பட்டேன். மகன்தானே, பொறுத்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

எழுதுங்கள். ஒரு உபகாரம் மட்டும். "வீட்டில் ஒருவர் தள்ளியதால்" என்று எழுத முடியுமா? முடியாது என்றால் வாசிக்கிற நேரத்துக்கு மட்டும் ஜெனியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைக்கட்டுமா? அவளுக்கு ஆறு வயது. அப்பத்தா அப்பத்தா என்று என்னோடுதான் படுக்கிறாள்.

ஆரோக்கியம்


உசிலம்பட்டி
11.12.2024

அன்புத் தங்கை ஆரோக்கியத்துக்கு, அண்ணன் எழுதுவது.

உன் கடிதம் கண்டேன். அதைப் பற்றி எதையும் எழுதத் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆகஸ்டிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நவம்பரில் கேட்டவன் நான். மையைக் காய்ச்சிக்கொண்டிருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

"வீட்டில் ஒருவர்" என்று எழுதிப் பார்த்தேன். மறைக்கமாட்டேன், உனக்காக எழுதிப் பார்த்தேன். அந்த ஒருவர் யார் என்று வீட்டில் ஒவ்வொருவரும் இன்னொருவரைப் பார்ப்பார்கள். ஆன்றோவைப் பார்ப்பாள் அந்தக் குழந்தை. கிழித்துவிட்டேன்.

ஜெனியும் அந்த வீட்டாள்தான். அவளை அனுப்பிவிட்டு வாசித்தால் இதுவும் மேல்தோலை மூடிவிட்டு உள்ளே புழுங்கும். இன்னொரு ஓலைக்கு நாள் இல்லை. அவள் அவளப்பா மடியிலிருந்து இறங்கிப்போனாளே, அதற்காகவும் அவள் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. இது முறையில் இல்லாதது; நானாகச் சொல்வது.

ஓலை:

"ஒத்தக்கடை ஷெரினின் வலது கை. பானை சாயும் என்று தெரிந்தே மாமியார் ஆரோக்கியம் தள்ளியதால் வெந்தது. நடந்தது இது. வீட்டார் கேட்டோம். தோலே, தோலோடு சேர். தசையே, தசையோடு சேர். சூடே, வந்த வழி போ."

உன் பெயர் இருக்கும் இடத்தைப் பார். எழுத்து கொஞ்சம் கோணியிருக்கும். அதனால் ஒன்றும் ஆகாது. வாசி.

என்றும் உன் அண்ணன்
சத்தியசீலன்


ஒத்தக்கடை
19.12.2024

மாமாவுக்கு ஷெரின் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அத்தை எழுதுவார்கள் என்று பார்த்தேன். அவர்கள் எழுதுவதாகத் தெரியவில்லை. நீங்கள் கவலையோடு காத்திருப்பீர்கள் என்று அவர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அத்தை எல்லாரையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். அவர்கள் நின்றார்கள். கண்ணாடியைத் துடைத்தார்கள், போட்டார்கள், மறுபடி துடைத்தார்கள். என் பெயர்வரை வாசித்தார்கள். அப்புறம் நின்றுவிட்டார்கள். அவர் எழுந்து, "குடும்மா, நான் வாசிக்கிறேன்" என்று கையை நீட்டினார். நான்தான், "வேண்டாங்க, அத்தை வாசிக்கட்டும்" என்றேன். என் குரல் அவ்வளவு கடுமையாக வரும் என்று எனக்கே தெரியாது. நாலு மாதமாக நான் பேசாமலிருந்தது பொறுமையால் இல்லை, மாமா. அவர்களே சொல்ல வேண்டும் என்ற பிடிவாதம். விரல் போனால் போகட்டும் என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

அத்தை வாசித்தார்கள். மிகவும் மெதுவாக. எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டது, தலையைக் குனிந்துகொண்டார். வாசித்து முடித்து ஓலையைக் கட்டின்மேல் வைத்தார்கள். கை குளிரவில்லை. எரிச்சல் அப்படியே இருந்தது. பொய்யாகிவிட்டதா என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அப்போது ஜெனி, "அப்பத்தா, எனக்குக் கேக்கலை. யாரு தள்ளுனதுன்னு சொன்னீங்க?" என்றாள்.

அத்தை அவளைப் பார்த்தார்கள். பிறகு தரையில் அவள் எதிரே உட்கார்ந்தார்கள்.

"நான்தான், பாப்பா."

"எங்க அம்மாவையா?"

"ஆமா."

"அப்பா இல்லையா?"

"அப்பா இல்லை. அப்பத்தாதான் தள்ளுனேன்."

"கஞ்சி சுடும்ல அப்பத்தா?"

அதற்கு ஓலையில் பதில் இல்லை. "சுடும்" என்று மட்டும் சொன்னார்கள். அந்நேரம் முழங்கையில் யாரோ ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது. அங்கிருந்து மணிக்கட்டு, உள்ளங்கை, விரல் என்று குளிர்ந்துகொண்டே வந்தது. சுண்டுவிரல் தானாக நிமிர்ந்தது. கட்டை அவிழ்த்துப் பார்த்தோம். வெந்த அடையாளம்கூட இல்லை. அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அழுதுவிட்டார். டாக்டரும் பார்த்துவிட்டு அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். எப்போதும்போல அத்தை சோற்றைப் பிசைந்து உருட்டி ஜெனி வாயருகே கொண்டுபோனார்கள். ஜெனி அந்தக் கையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு என் பக்கம் நகர்ந்து வந்துவிட்டாள். அத்தை உருண்டையைத் தன் தட்டிலேயே வைத்துவிட்டார்கள்.

நான் ஊட்டினேன், மாமா. வலது கையால்.

தங்கள்
ஷெரின்